சைக்கிளில் ஒரு சாப்பர்: ஸ்பிரெட்ஷீட்டில் தொடங்கி பட்டறையில் முடிந்த வண்டி

கம்ப்யூட்டர் இதழில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்லப்போகும் வண்டியின் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான் நடந்தது. மீதிப் பாதி வெல்டிங் பட்டறையில் நடந்தது. தவறுகள் இரண்டு இடத்திலும் நடந்தன.

பழைய சைக்கிள் பிரேம் ஒன்று, புல் வெட்டும் இயந்திரத்தில் வரும் குட்டி எஞ்சின் ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்து, முன்சக்கரம் நீண்டு நிற்கும் "சாப்பர்" வண்டி ஒன்றைச் செய்தேன். நான் சாப்ட்வேர் துறையில் இருப்பவன். கல்லூரியில் படித்த மெக்கானிக்ஸ் பாடத்தை அதன் பிறகு தொட்டதே இல்லை. எனவே இந்தக் கட்டுரையைப் புரிந்துகொள்ள உங்களுக்கும் பெரிய அறிவு எதுவும் தேவையில்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும், அதில் ஒரு ஸ்பிரெட்ஷீட் சாப்ட்வேரும் இருந்தால் கணக்குப் பகுதி முழுவதையும் நீங்களே செய்து பார்க்கலாம்.

சாப்பர் என்றால் என்ன?

"சாப்" என்றால் வெட்டுவது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில், கனமான மோட்டார் சைக்கிள்களில் இருந்து மட்கார்டு போன்ற தேவையற்ற பாகங்களை வெட்டி எறிந்து எடையைக் குறைத்தார்கள். பின்னர் பிரேமையே வெட்டி ஒட்டி, முன் போர்க்கை நீட்டி, ஹேண்டில்பாரை உயர்த்தினார்கள். 1969இல் வந்த "ஈஸி ரைடர்" திரைப்படம் இந்த உருவத்தை உலகம் முழுவதும் பிரபலமாக்கியது.

சைக்கிளும் இந்த மோகத்துக்குத் தப்பவில்லை. கலிபோர்னியாவில் பிள்ளைகள் தங்கள் சைக்கிள்களுக்கு உயரமான ஹேண்டில்பாரும் நீண்ட சீட்டும் பொருத்தி ஓட்டுவதைப் பார்த்து, 1963இல் ஷ்வின் நிறுவனம் "ஸ்டிங்-ரே" என்ற சைக்கிளை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் ஆல் பிரிட்ஸ். பிரிட்டனின் ராலே நிறுவனம் "சாப்பர்" என்ற பெயரிலேயே ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தது.

ஹோண்டாவும் இப்படித்தான் தொடங்கினார்

சைக்கிளில் எஞ்சின் மாட்டுவது ஏதோ விளையாட்டு வேலை என்று நினைக்க வேண்டாம். உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் இந்த வேலையில்தான் பிறந்தது.

1946இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில், சோய்ச்சிரோ ஹோண்டா தன் நண்பர் வீட்டில் ஒரு சிறிய எஞ்சினைப் பார்த்தார். ராணுவத்தின் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் எஞ்சின் அது. போர் முடிந்து அத்தகைய எஞ்சின்கள் வீணாகக் கிடந்தன. அதை ஏன் சைக்கிளில் பொருத்தக் கூடாது என்று யோசித்தார். முதல் மாதிரி வண்டியில் பெட்ரோல் டேங்காக அவர் பயன்படுத்தியது, குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவையை! முதலில் ஓர் உருளையை முன்சக்கர டயரின் மீது அழுத்திச் சுழற்றினார். அது சரிப்படவில்லை. பிறகு பெல்ட் மூலம் பின்சக்கரத்தைச் சுழற்றும் முறைக்கு மாறினார். அந்த வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மனைவி சாச்சியும் ஒருவர்.

நம் ஊரிலும் இதன் சொந்தக்காரர்கள் உண்டு. மோட்டார், பெடல் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்ததுதான் "மொபெட்". 1980இல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50 நமக்கெல்லாம் தெரிந்த மொபெட்தானே!

முதலில் சட்டம்

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28) "மோட்டார் வாகனம்" என்றால் என்ன என்று வரையறுக்கிறது. நான்கு சக்கரங்களுக்குக் குறைவாகவும், எஞ்சின் கொள்ளளவு 25 சிசியைத் தாண்டாமலும் உள்ள வண்டி இந்த வரையறைக்குள் வராது. அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். வீட்டில் செய்த வண்டிக்குப் பதிவு எண் வாங்குவது எளிதல்ல.

வெளிநாடுகளில் "80 சிசி" என்று சொல்லி விற்கப்படும் இரண்டு ஸ்ட்ரோக் சைக்கிள் எஞ்சின் கிட்டுகளின் உண்மையான அளவு சுமார் 66 சிசிதான். ஆனாலும் அது நம் எல்லைக்கு வெளியே. எனவே நான் 25 சிசி அளவுள்ள, நான்கு ஸ்ட்ரோக் புல்வெட்டி எஞ்சினை எடுத்துக்கொண்டேன். சுமார் 1 குதிரைசக்தி. 7000 ஆர்பிஎம் வரை சுற்றும். எடை 3 கிலோவுக்குள். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் வரையறையில் வராது என்பதற்காக இந்த வண்டி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இன்று வரை இதை நான் பொதுச் சாலையில் ஓட்டவில்லை. வீடுகள் வராத ஒரு லே-அவுட்டில், தலையில் ஹெல்மெட்டுடன்தான் ஓட்டுகிறேன்.

ஸ்பிரெட்ஷீட்டில் கியர் கணக்கு

எஞ்சின் நிமிடத்துக்கு 7000 முறை சுற்றுகிறது. சைக்கிள் சக்கரம் அப்படிச் சுற்றினால் என்ன ஆகும்? 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு 869 கிலோமீட்டர்! விமானத்தின் வேகம். எனவே சுழற்சியைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது?

லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது எக்செல், எது இருந்தாலும் சரி. புதிய ஷீட் ஒன்றைத் திறந்து இப்படி நிரப்புங்கள்.

பி1: எஞ்சின் ஆர்பிஎம் (7000)
பி2: முதல் கட்டக் குறைப்பு (5)
பி3: இரண்டாம் கட்டக் குறைப்பு (5.6)
பி4: சக்கரச் சுற்றளவு, மீட்டரில் (2.07)
பி5: வேகம், மணிக்குக் கிலோமீட்டரில்

பி5இல் எழுத வேண்டிய கணக்கு இதுதான்: பி1ஐ பி2ஆலும் பி3ஆலும் வகுத்து, பி4ஆல் பெருக்கி, பிறகு 60ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். எண்களாகச் சொன்னால், =7000/5/5.6*2.07*60/1000. விடை 31.05.

முதல் கட்டத்துக்குப் பல் உள்ள பெல்ட். எஞ்சின் பக்கம் 14 பல், நடுவில் ஒரு துணைத்தண்டில் 70 பல். இது 5 மடங்கு குறைப்பு. இரண்டாம் கட்டத்துக்குச் செயின். துணைத்தண்டில் 10 பல், பின்சக்கரத்தில் 56 பல். இது 5.6 மடங்கு. மொத்தம் 28 மடங்கு.

எனக்கு முதலில் மணிக்கு 25 கிலோமீட்டர் போதும் என்று தோன்றியது. கால்க் மெனுவில் "கோல் சீக்" என்று ஒரு வசதி இருக்கிறது. விடை 25 ஆக வேண்டும், பி3ஐ மாற்று என்று அதனிடம் சொன்னால், அது பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தரும். பி3 ஏறத்தாழ 7 என்று வந்தது. அப்படியென்றால் பின்சக்கரத்தில் 70 பல். அதன் விட்டம் 28 சென்டிமீட்டருக்கு மேல் போகும். பிரேமில் இடம் இல்லை. எனவே 56 பல்லுடன் நிறுத்திக்கொண்டு, ஆக்சிலரேட்டர் முழுவதும் திறக்காதபடி ஒரு ஸ்க்ரூவை வைத்துத் தடுத்துவிட்டேன்.

சைன் செய்த கோளாறு

ஸ்ப்ராக்கெட் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால்தான் பிரேமில் இடிக்குமா என்று பார்க்க முடியும். செயினின் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு 12.7 மில்லிமீட்டர். இதை, 180ஐப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் கிடைக்கும்.

10 பல்லுக்குக் கோணம் 18 டிகிரி. ஸ்பிரெட்ஷீட்டில் சைன் 18 என்று அடித்தேன். வந்த விடை மைனஸ் 16.9 மில்லிமீட்டர். விட்டம் மைனஸா?

ஸ்பிரெட்ஷீட்டுக்கு டிகிரி தெரியாது. அது எல்லாக் கோணத்தையும் ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும். முதலில் "ரேடியன்ஸ்" என்ற பங்ஷனால் டிகிரியை மாற்றி, பிறகுதான் சைனுக்குத் தர வேண்டும். அப்படிச் செய்தால் 10 பல்லுக்கு 41.1 மில்லிமீட்டரும், 56 பல்லுக்கு 226.5 மில்லிமீட்டரும் வரும். மைனஸ் வந்ததால் என் தவறு கண்ணில் பட்டது. பிளஸ்ஸில் ஒரு தவறான எண் வந்திருந்தால் அதையே நம்பி இரும்பை வெட்டியிருப்பேன்.

படத்தில் இருந்து இரும்புக்கு

56 பல் ஸ்ப்ராக்கெட் கடையில் கிடைக்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் பிரீகேட் சாப்ட்வேரில் ஸ்ப்ராக்கெட் வரைவதற்கென்றே ஒரு வசதி உண்டு. பல் எண்ணிக்கையையும் செயின் அளவையும் கொடுத்தால் அதுவே வரைந்துவிடும். நடுவில், டிஸ்க் பிரேக் பொருத்தும் சைக்கிள் ஹப்பில் உள்ளபடி, 44 மில்லிமீட்டர் வட்டத்தில் 6 துளைகள் போட்டேன். பின்சக்கரத்தில் டிஸ்க் மாட்டும் இடத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக இந்த ஸ்ப்ராக்கெட்டை முடுக்கிவிடலாம். வலப்பக்கம் பெடல் செயின் எப்போதும்போல் இருக்கும். இடப்பக்கம் எஞ்சின் செயின்.

படத்தை டிஎக்ஸ்எப் பைலாகச் சேமித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேசர் கட்டிங் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எம்எம்மா, இன்ச்சா?" பல டிஎக்ஸ்எப் பைல்களில் 226 என்ற எண் இருக்குமே தவிர, எந்த அளவில் என்று இருக்காது. எனவே படத்தின் ஓரத்தில் சரியாக 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றை வரைந்து, "100 மி.மீ." என்று எழுதிவிடுங்கள். திறந்து பார்ப்பவர் அதை அளந்து சரிபார்த்துக்கொள்வார்.

இந்தப் பழக்கம் என்னிடம் முன்பே இருந்திருந்தால் எஞ்சின் தாங்கித் தகடு வீணாகியிருக்காது. அதை நானே துளையிட்டேன். படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, தகட்டின் மேல் ஒட்டி, துளை இடங்களில் பஞ்ச் அடித்து, டிரில் செய்தேன். எஞ்சினை வைத்துப் பார்த்தால் ஒரு துளைகூடப் பொருந்தவில்லை! 90 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 86 ஆக இருந்தது. காரணம் பிரிண்ட் பெட்டியில் இருந்த "பிட் டு பேஜ்" என்ற டிக். படம் தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் அதை 96 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. அளவுப்படம் எதையும் அச்சிடும்போது 100 சதவீதம் அல்லது "ஆக்சுவல் சைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அச்சான பிறகு ஸ்கேலை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். சட்டைத் துணி வெட்டும் பேட்டர்னுக்கும் இதே விதிதான்.

முன் போர்க்: அழகும் ஆபத்தும்

சாப்பரின் அழகே நீண்டு சாய்ந்த முன் போர்க்தான். எவ்வளவு சாய்க்கலாம்?

சாதாரண சைக்கிளில் ஹேண்டில்பார் இறங்கும் ஹெட் குழாய், தரையோடு சுமார் 72 டிகிரி கோணத்தில் இருக்கும். அந்தக் குழாயின் சாய்வை அப்படியே நேர்கோடாகத் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளிக்கு "டிரெயில்" என்று பெயர். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓட உதவும் காரணங்களில் இது ஒன்று.

சக்கர ஆரம் 330 மில்லிமீட்டர், போர்க்கின் முன்வளைவு 45 மில்லிமீட்டர் என்று வைத்து ஸ்பிரெட்ஷீட்டில் போட்டேன்.

72 டிகிரிக்கு டிரெயில் 60 மி.மீ.
65 டிகிரிக்கு 104 மி.மீ.
55 டிகிரிக்கு 176 மி.மீ.

படங்களில் பார்த்த சாப்பர் மாதிரி எனக்கும் 55 டிகிரிதான் ஆசை. ஆனால் டிரெயில் கூடினால், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழ ஆரம்பிக்கும். 55 டிகிரியில் இந்த விழும் போக்கு சாதாரண சைக்கிளைப்போல் 4 மடங்குக்கும் மேல். திரும்பும் இடத்தில் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். எனவே 65 டிகிரி போதும் என்று முடிவு செய்தேன். பைக்கேட் என்ற இணையதளத்தில் சைக்கிள் பிரேமை இலவசமாக வரைந்து பார்க்கலாம். அதில் போர்க்கை நீட்டிக்கொண்டே போனால் பிரேம் பின்னால் சாய்வது தெரியும். சுமார் 14 சென்டிமீட்டர் நீட்டினால் 72 டிகிரி 65க்கு வந்தது.

கணக்கு சரி. இனி வெல்டிங். இருந்த போர்க்கின் இரண்டு கால்களையும் மேல் பக்கம் வெட்டி, நடுவில் 14 சென்டிமீட்டர் குழாயை வைத்து, புதிதாக வாங்கியிருந்த சிறிய வெல்டிங் மெஷினால் நானே ஒட்டினேன். கிரைண்டரால் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடித்ததும் ஒட்டியதே தெரியவில்லை. எனக்கு ஒரே பெருமை.

முதல் ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லே-அவுட்டுக்குக் கொண்டுபோனோம். உடன் வந்தவன் என் அக்கா மகன். பிளஸ் டூ படிக்கிறான். புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடியதில் இருந்து நட்டு முடுக்கியது வரை எல்லா வேலையிலும் கூட இருந்தவன்.

கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரைத் திருகினேன். எஞ்சின் கத்தியது. வண்டி ஆமைபோல் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பிரேக் கட்டை கருகும் வாசனை. கிளட்ச் தீய்ந்துகொண்டிருந்தது.

திரும்ப ஸ்பிரெட்ஷீட்டுக்குப் போனேன். இந்த எஞ்சினில் இருப்பது தானியங்கி கிளட்ச். சுமார் 4000 ஆர்பிஎம்மில்தான் அது முழுவதும் பிடிக்கும். பி1இல் 7000க்குப் பதில் 4000 போட்டேன். 17.7 கிலோமீட்டர் என்று வந்தது. அதாவது, வண்டி கிட்டத்தட்ட அந்த வேகத்துக்கு வரும்வரை கிளட்ச் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். நான் உச்ச வேகத்தை மட்டும் கணக்குப் போட்டேனே தவிர, புறப்படும் வேகத்தை நினைத்துப் பார்க்கவே இல்லை. தீர்வு காலிலேயே இருந்தது. நன்றாகப் பெடல் மிதித்து வேகம் எடுத்த பிறகு ஆக்சிலரேட்டரைத் திருக வேண்டும்.

அப்படிச் செய்ததும் வண்டி பறந்தது! பறந்தது என்றால், 25 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து, முன்னால் நீண்ட போர்க்கைப் பார்த்துக்கொண்டு போகும்போது அது 60 மாதிரி இருந்தது. அக்கா மகன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"மாமா, நான் ஒரு ரவுண்டு?"

"கிளட்ச் ஆறட்டும்டா. நாளைக்கு உனக்குத்தான் முதல் ரவுண்டு" என்றேன்.

வெள்ளை பெயின்டில் ஒரு கோடு

அன்று மாலை வண்டியைத் துடைக்கும்போது, இடது போர்க் காலில், நான் ஒட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே தலைமுடி ஒட்டியதுபோல் ஒரு கோடு தெரிந்தது. துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் கீறினேன். பெயின்ட் உதிர்ந்தது. அடியில் இரும்பு விரிந்திருந்தது.

ஒரே ஒரு காலை ஓட்டம். அதற்குள் குழாயின் சுற்றில் கால்வாசி விரிசல் ஓடியிருந்தது. மறுநாள் காலையில் அதில் ஏறி உட்கார இருந்தவன் அக்கா மகன்.

அந்தப் போர்க்கைக் கழற்றி, முப்பது வருடமாக வெல்டிங் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "முட்டுக்கு முட்டு வச்சு ஒட்டியிருக்கீங்க தம்பி. உள்ளே ஒரு துண்டுகூடப் போடலையா? அதுக்கு மேல கிரைண்டர் வேற போட்டு இருந்ததையும் தேய்ச்சுட்டீங்க" என்றார்.

நடந்தது இதுதான். போர்க்கின் கால் 40 சென்டிமீட்டரில் இருந்து 54 ஆகிவிட்டது. பள்ளத்தில் சக்கரம் வாங்கும் அதே அடி, போர்க்கின் மேல்பகுதியை 35 சதவீதம் அதிக விசையோடு வளைக்கும். அந்த விசை மிக அதிகமாக இருக்கும் இடம் மேலே, சக்கரத்தின் தலைமாட்டில். நான் மிகச் சரியாக அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வெட்டி ஒட்டியிருந்தேன். போதாததற்கு எஞ்சினின் அதிர்வு வேறு. 7000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 117 சுற்று. என் ஸ்பிரெட்ஷீட்டில் கோணம் இருந்தது, டிரெயில் இருந்தது. வெல்டிங்கின் தரம் என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

இரண்டாவது போர்க்கில் ஒட்டே இல்லை. இரண்டு கால்களும் தடித்த சுவருள்ள, முழு நீளக் குழாய்கள். தலைப்பகுதியில் மட்டும் அவர் கையால் வெல்டிங். தேய்க்காமல் அப்படியே விட்டோம். பார்க்க அழகாக இல்லை. மீண்டும் வெள்ளை பெயின்ட் அடித்தேன். இந்த முறை அழகுக்காக அல்ல. வெள்ளையில்தான் விரிசல் கோடு முதலில் தெரியும். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் டார்ச் அடித்துப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம்.

பிரேக் கணக்கு

இதையும் போட்டுப் பாருங்கள். வண்டி 25 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, மொத்தம் 95 கிலோ. 15 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 830 ஜூல். 30 கிலோமீட்டரில் சுமார் 3300 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்கின் வேலை நான்கு மடங்கு.

சுமாரான பிரேக்கில், நாம் சுதாரிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோமீட்டரில் நிற்க 7 மீட்டர் போதும். 30இல் 20 மீட்டர் வேண்டும். பழைய ரப்பர் கட்டை பிரேக்கை நம்பி இதைச் செய்யக் கூடாது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். பின்சக்கரத்தில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக். ஹேண்டில்பாரில் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச். ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டால் அந்த சுவிட்ச்தான் கைகொடுக்கும்.

செய்யத் துணிபவர்களுக்கு மேலும் சில குறிப்புகள்:

* இரும்பு பிரேம் மட்டும் எடுங்கள். அலுமினிய பிரேமைச் சாதாரணப் பட்டறையில் வெட்டி ஒட்டக் கூடாது.
* எல்லா இடத்திலும் நைலான் வளையம் உள்ள லாக் நட் போடுங்கள். சாதாரண நட்டு அதிர்வில் கழன்றுவிடும்.
* பெட்ரோல் டியூப் சைலன்ஸர் பக்கம் போகக் கூடாது.
* பெல்ட், செயின் இரண்டுக்கும் மூடி அவசியம். பேன்ட்டும் விரலும் மாட்டும் இடங்கள் அவை.

மேம்பாலம் ஏறுமா?

காற்றின் தடை, டயர் உராய்வு இரண்டையும் சேர்த்தால், சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 290 வாட் தேவை. பெல்ட், செயின் இழப்புகளைச் சேர்த்தாலும் 400க்குள் அடங்கும். எஞ்சின் தருவது 700 வாட்டுக்கு மேல். ஆனால் 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தில் ஏற, கூடுதலாக 390 வாட் வேண்டும். இழப்புகளையும் சேர்த்தால் தேவை 900 வாட். எஞ்சினால் முடியாது. வேகம் குறையும், கிளட்ச் வழுக்கத் தொடங்கும். அங்கே காலும் உதவ வேண்டும். மொபெட்டுக்குப் பெடல் எதற்கு வைத்தார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செலவு எவ்வளவு?

எனக்கு ஆன கணக்கு: பழைய சைக்கிள் 1,500 ரூபாய். எஞ்சின் 8,500. பெல்ட், புல்லி 1,800. லேசர் கட்டிங் 1,400. லேத், வெல்டிங் வேலைகள் 4,000. பிரேக் 2,200. ஆக மொத்தம் 19,400 ரூபாய். இதோடு வீணான தகடு, போர்க், கருகிய கிளட்ச் மூன்றுக்கும் 2,600. எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். வெல்டிங் மெஷினை இதில் சேர்க்கவில்லை. அது இப்போது பரண் மேல் இருக்கிறது.

சத்தமும் புகையும் வேண்டாம் என்பவர்களுக்கு எலக்ட்ரிக் ஹப் மோட்டார் இருக்கிறது. பேட்டரி வண்டிகளில், மோட்டாரின் சக்தி 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, எடை முதலிய மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அதை விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. தினமும் ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்றால் அதுவே நல்ல வழி. எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் எஞ்சின் வண்டி நிறையக் கற்றுத்தரும்.

வண்டி செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஐந்து வரி ஸ்பிரெட்ஷீட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணி எழுதி, ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர் போகிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். பள்ளியில் சைன், காஸ் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

புதிய போர்க் மாட்டி, நான் தனியாகப் பத்து முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் அக்கா மகனிடம் வண்டியைக் கொடுத்தேன். அதுவரை ஒரு மாதம் காத்திருந்தான். ஏறி உட்காரும் முன் அவனே குனிந்து, வெள்ளை பெயின்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தான். பிறகுதான் பெடலில் கால் வைத்தான்.